பெயரில்லாத பாப்பாவும் பொதுத்தேர்தலும்

அந்தச் செப்டம்பரில் என் மகளுக்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. நன்றாகச் சிரித்தாள், அதைவிட நன்றாக அழுதாள், அப்பாவின் மூக்கு அப்படியே வந்திருந்தது. பெயர் மட்டும்தான் வரவில்லை.

நகராட்சி அலுவலகத்திலிருந்து இரண்டு தடவை போன் செய்துவிட்டார்கள். “கொழந்தை பேரு என்னம்மா?” என்று கேட்டாள் ஒரு பெண். “எங்க கும் இன்னும் சொல்லல” என்றேன். அவளும் மலைக்காரிதான் போலிருக்கிறது. “ஐயையோ, அப்படியா” என்று போனை வைத்துவிட்டாள்.

கும் என்பது எங்களுக்குச் சாதாரண உறவில்லை. கல்யாணத்தில் சாட்சியாக நிற்பவரும் அவர்தான், ஞானஸ்நானத்தில் பிள்ளையின் தலையை நனைத்துப் பெயர் வைக்கும்போது அந்தப் பெயரைச் சொல்பவரும் அவர்தான். அவர் வாயில் என்ன வருகிறதோ அதுதான் பெயர். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பெற்றவர்கள் தலையாட்ட வேண்டியதுதான், பாதிரியாரே நினைத்தாலும் மாற்ற முடியாது. என் கணவன் ரதோயேயின் குடும்பத்துக்கு, அவனுடைய தாத்தாவின் தாத்தா காலத்திலிருந்தே எதிர்வீட்டுக்காரர்கள்தான் கும். இப்போது அந்த இடத்தில் இருப்பவர் பாத்ரிச். வயது அறுபதை நெருங்குகிறது. பெரிய மீசை, அதைவிடப் பெரிய ரோஷம்.

அந்தப் பாத்ரிச்சுக்கும் ரதோயேக்கும் மே மாதத்திலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

மாண்டினீக்ரோ தனி நாடாகப் போகலாமா, செர்பியாவோடு சேர்ந்தே இருக்கலாமா என்று மே மாதம் நாடு முழுக்க ஓட்டுப் போட்டோம். ரதோயே தனியாகப் போகும் கட்சி. பாத்ரிச் சேர்ந்திருக்கும் கட்சி. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, ஒரே மேசையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே ஒரே பாட்டிலைக் காலி செய்தார்கள். வினை வந்தது முடிவு தெரிந்த அன்று. தனி நாடு ஜெயித்ததும் என் வீட்டு மகாராசன் சந்தோஷம் தாங்காமல் துப்பாக்கியைத் தூக்கி வானத்தைப் பார்த்துச் சுட்டான். மேலே போன குண்டு கீழே வராமலா இருக்கும்? பாத்ரிச்சின் முற்றத்தில் கவிழ்த்து வைத்திருந்த, பிளம் சாராயம் காய்ச்சும் செப்பு அண்டாவில் ஓட்டை விழுந்தது.

“நாடுதான் போச்சு, அண்டாவுமாடா போகணும்?” என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார் பாத்ரிச்.

மன்னிச்சிடுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். இவனுக்கு வாய் வந்தால்தானே! “என் குண்டு இல்ல. ஆலங்கட்டி விழுந்திருக்கும்” என்றான். வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

பாத்ரிச்சின் மீசை துடித்தது. நிறைமாதமாக வாசலில் நின்றுகொண்டிருந்த என் வயிற்றைக் கையால் காட்டினார். “அப்படியா? உன் புது நாடே வந்து உன் பிள்ளைக்குப் பேர் வைக்கட்டும்!” என்று சொல்லிக் கதவை அறைந்து சாத்தினார்.

சொன்னதோடு விட்டாரா? காப்பிக் கடையில் உட்கார்ந்து, “அப்படியே நான் பேர் வெச்சாலும் ‘யூனியா’ன்னுதான் வைப்பேன். சேர்ந்து இருந்ததை எல்லாரும் மறந்துடக் கூடாது பாரு” என்று வேறு பேசியிருக்கிறார். அது ரதோயேயின் காதுக்கு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து இவனும் முறுக்கிக்கொண்டான். ஆகஸ்ட் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் என்னிடம் சொன்னான்: “தேர்தல் முடியட்டும் மிலியானா. மறுநாளே பக்கத்து டவுன் நிக்‌ஷிச்சிலேர்ந்து எங்க கட்சிக்காரர் ஒருத்தரைக் கூட்டிட்டு வரேன். அவர்தான் இனிமே நமக்குக் கும்.”

கும்மை மாற்றுவது எங்கள் மலையில் யாரும் செய்யாத காரியம். மாற்றிவிட்டால் அந்த வீட்டோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பாத்ரிச் போனால் போகட்டும், அவருடைய மனைவி கோசரா எனக்குக் கூடப் பிறந்த அக்காவுக்கும் மேல். பிள்ளை இல்லாதவள். இரண்டு ஆண்பிள்ளைகளும் வீம்பு பிடித்துக்கொண்டிருந்த அந்த மூன்று மாதமும் அவள் பின்பக்கமாக வந்து என் பாப்பாவைக் குளிப்பாட்டிவிட்டுப் போவாள். ஞாயிற்றுக்கிழமை தேர்தல். திங்கட்கிழமை அந்த நிக்‌ஷிச் ஆள் வந்து உட்கார்ந்துவிட்டால் பின்பக்க வழியும் அடைபட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்த மனுஷன் வாயைத் திறந்து என் பிள்ளைக்கு ஒரு பெயர் சொல்லியாக வேண்டும். எந்தக் கட்சி ஜெயித்தால் எனக்கென்ன!

தனி நாடான பிறகு வந்த முதல் பொதுத்தேர்தல் அது. எங்கள் ஊர் வாக்குச்சாவடிக்கு என்னைத்தான் தலைவராகப் போட்டிருந்தார்கள். ஆளும் கட்சி சார்பில் சாவடியில் உட்கார ரதோயே. எதிர்க்கட்சி சார்பில் பாத்ரிச். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே சாவடியில் இருக்கலாமா என்று நகரத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எங்கள் ஊரில் வேறு ஆளுக்கு எங்கே போவது?

காலையில் பள்ளிக்கூடத்தைத் திறந்து உட்கார்ந்தோம். பிள்ளைகளுக்கான பெஞ்சு, ஆண்கள் இரண்டு பேருக்கும் முழங்கால் காதைத் தொட்டது. சாவடிக்குள் சாராயம் கூடாது என்பது சட்டம், அதனால் யாரோ ஒரு புண்ணியவான் பாட்டிலை ஜன்னலுக்கு வெளியே வைத்திருந்தார். தேன் ஊற்றிய பொரித்த மாவு உருண்டை ஒரு தட்டு வந்தது. அது சட்டத்தில் இல்லை, உள்ளேயே வைத்துக்கொண்டோம்.

வேலையைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தோம். எங்கள் தேர்தலில் விரலில் அடிக்கும் மை கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் மாதிரிதான் இருக்கும். அதற்கென்று இருக்கும் விளக்கைக் காட்டினால் மட்டும் நீலமாக மின்னும். வாசலில் விளக்கைப் பிடித்து, வருகிறவர் ஏற்கெனவே ஓட்டுப் போட்டவரா என்று விரலைப் பார்ப்பது ரதோயேக்கு விழுந்தது. வந்தவரின் பெயரை எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லி, விரலில் ஸ்பிரே அடிப்பது பாத்ரிச்சுக்கு. ஓட்டுச் சீட்டு கொடுப்பது நான்.

“தலைவரே” என்றார் பாத்ரிச், என்னைப் பார்த்து. அதுவரைக்கும் ‘மிலியானா பொண்ணு’ என்று கூப்பிட்டவர். “அந்த விளக்கைக் கொஞ்சம் நேராப் பிடிக்கச் சொல்லுங்க. கண்ணைக் கூசுது.”

“தலைவரே” என்றான் என் கணவன். “அந்த ஸ்பிரேவை மீசையைத் திருப்பி வெச்சுக்கச் சொல்லுங்க. கூசாது.”

இப்படியே மத்தியானம் வரைக்கும் போனது. பேரைச் சொல்லிக்கொள்வதில்லை. இவன் அவரை ஸ்பிரே என்பான், அவர் இவனை விளக்கு என்பார். நடுவில் நான் தபால்காரி. ஓட்டுப் போட வந்தவர்களில் பாதிப் பேர் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாமல், சுவரோரம் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். மாண்டினீக்ரோக்காரன் சோம்பேறி என்று அக்கம்பக்கத்து நாட்டுக்காரர்கள் கேலி செய்வார்களே, அன்றைக்கு எங்கள் ஆட்களுக்கு நின்றபடியே ஓய்வு.

விதோசவாப் பாட்டி தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஊரிலேயே மூத்தவள், வாய் மட்டும் இளசு. “நான் பார்க்க நாடு எத்தனையோ தடவ மாறிடுச்சுடி. எங்க வீட்டுக் கூரை ஒழுகறதுதான் மாறல. இதுல எந்த நம்பர் கூரைக்கு?” என்று கேட்டாள்.

“பாட்டி, அதெல்லாம் நான் சொல்லக் கூடாது. பிடிச்ச நம்பரைச் சுத்தி வட்டம் போடு.”

“எல்லாத்தையும் சுத்திப் போட்டா?”

“செல்லாது.”

“அப்ப இத்தனை நாளும் நான் போட்டது எதுவுமே செல்லலியா!” என்றாள். சுவரோரம் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பாத்ரிச் சிரித்தார், ரதோயே சிரித்தான். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தது தெரிந்ததும் இருவரும் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பேர் தலையையும் பிடித்து முட்டவைக்கலாம் போலிருந்தது, தலைவராயிற்றே என்று பேசாமல் இருந்தேன்.

பாட்டி ஓட்டுப் போட்டுவிட்டு நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் கோசரா அக்கா வந்தாள். அன்றைக்குப் பாப்பாவை அவளிடம்தான் விட்டிருந்தேன். பசி வந்து பாப்பா வீறிட்டிருக்கிறாள். தூக்கிக்கொண்டு வந்தவள், வந்ததுதான் வந்தோம், ஓட்டையும் போட்டுவிடலாம் என்று வரிசையில் நின்றாள். வாசலில் ரதோயே விளக்கைக் காட்டினான். சுத்தமான விரல். உள்ளே வந்தாள். அடையாள அட்டை எடுக்கப் பையைத் துழாவ வேண்டும், கையிலோ பிள்ளை. “கொஞ்சம் புடிங்க” என்று சொல்லிப் பாப்பாவைப் பாத்ரிச்சுக்கு முன்னால் மேசையில் வைத்துவிட்டாள்.

பாத்ரிச் அந்த மூன்று மாதமும் என் பிள்ளையை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. தெருவில் தூக்கிக்கொண்டு போனால் மலையைப் பார்ப்பார். இப்போது பிடிக்காவிட்டால் உருண்டு விழுந்துவிடும். இடது கையால் வயிற்றோடு அணைத்துப் பிடித்தார். பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு மீசையை வெறித்துப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கண்ணை மட்டும் கீழே இறக்கினார்.

“ம்… அடுத்தது இவ” என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. “சீட்டு குடுங்க தலைவரே.”

வாசலிலிருந்து ரதோயேயின் குரல் வந்தது. “தலைவரே! பேரைச் சத்தமாச் சொல்லணும்கறது சட்டம்.”

பாவி! என்ன செய்கிறான் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் மலையில் பழைய ஆட்கள் பெண்டாட்டி பெயரை வெளியில் சொல்ல மாட்டார்கள். பாத்ரிச் அதில் ஒரு படி மேல். ‘ஏய்’ என்பார், ‘உள்ளே யாரு’ என்பார், எங்களிடம் பேசினால் ‘எங்க வீட்ல’ என்பார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயில் அவள் பெயர் வந்ததாக ஊரில் ஒருத்தருக்கும் நினைவில்லை. அவளுக்கும் இல்லை.

“இவ யாருன்னு எல்லாருக்கும் தெரியும்” என்றார் பாத்ரிச்.

“எனக்குத் தெரியல. ஸ்பிரேவுக்குத் தெரிஞ்சா சொல்லச் சொல்லுங்க.”

“என் வீட்ல இருக்கறவடா!”

“அது விலாசம். பேரு?”

சுவரோரம் நின்றவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். “சொல்லுங்க பாத்ரிச், மீசை உதிர்ந்துடாது!” என்றது ஒரு குரல். கோசரா அக்கா அட்டையைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முகம் சிவந்திருந்தது. “வேணாம், நான் ஓட்டே போடல, போறேன்” என்றாள் மெதுவாக.

அதைக் கேட்டதும் பாத்ரிச்சுக்கு ரோஷம் தலைக்கேறிவிட்டது. ஓர் ஓட்டு போனால் எதிர்க்கட்சிக்கு நஷ்டம் என்பதாலா, அவள் முகத்தைப் பார்த்ததாலா, எனக்குத் தெரியாது. ஸ்பிரேவை ஓங்கிப் பிடித்தார். அந்த நேரம் பார்த்துப் பாப்பா இரண்டு கையாலும் அவர் விரலைப் பற்றி இழுத்தாள். அவர் பள்ளிக்கூடம் அதிரும்படி கத்தினார்:

“கோசரா!”

ஸ்பிரே ‘புஸ்’ என்று அடித்தது. விரலில் இல்லை. பாப்பாவின் உச்சந்தலையில்.

ஓடிப்போய்த் தூக்கினேன். “கண்ணுல பட்டுதா? கண்ணுல படலியே!” என்று கைக்குக் கிடைத்த மேசைத் துணியால் முகத்தைத் துடைத்தேன். கண்ணில் படவில்லை. தலையில் இரண்டு மூன்று துளிதான். பாப்பா ஒரு தும்மல் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

பெட்டிக்குப் பக்கத்தில் விதோசவாப் பாட்டி தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.

“ஆச்சு” என்றாள். “தலை நனைஞ்சுது. கும் வாயால பேரு சொல்லியாச்சு. நாங்க இத்தனை பேரு கேட்டோம். கோசரா. நல்ல பேருதான்.”

வரிசையில் நின்ற ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பெயர்! என் பிள்ளைக்குப் பெயர்!

“இல்ல, இல்ல” என்று எழுந்தார் பாத்ரிச். பெஞ்சு அவரோடு சேர்ந்து எழுந்தது. “இது ஓட்டுக்காகச் சொன்னது. பேரு வைக்கறதுக்கு இல்ல. செல்லாது!”

கோசரா அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை. “சரி, விடுங்க” என்றாள். “என் பேரைப் போய் யாராவது பிள்ளைக்கு வைப்பாங்களா?”

அந்தக் குரலைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! தலைவர் நாற்காலியில் ஏறியே நின்றுவிட்டேன். எங்கள் மொழியில் குரலுக்கும் ஓட்டுக்கும் ஒரே சொல்தான். வாயைத் திறந்து சொன்னாலும் வாக்கு, பெட்டியில் போட்டாலும் வாக்கு.

“குமே!” என்றேன். “இது வாக்குச்சாவடி. நான் இதுக்குத் தலைவர். நீங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி வாக்குக் குடுத்துட்டீங்க. பெட்டியில விழுந்த வாக்கை இதுவரைக்கும் யாராவது கைய விட்டுத் திரும்ப எடுத்திருக்காங்களா? ஆட்சேபணை இருக்கறவங்க இப்பவே சொல்லுங்க!”

எல்லோரும் ரதோயேயைப் பார்த்தார்கள். நானும்தான். இவன் ஒரு வார்த்தை ஏடாகூடமாகச் சொன்னால் எல்லாம் போச்சு. விளக்கோடு மெதுவாக நடந்து வந்தான். பாப்பாவின் தலைக்கு மேலே பிடித்தான். மெல்லிய முடிக்கு நடுவில் நீலமாக மின்னியது.

“தலைவரே, இவ ஓட்டுப் போட்டுட்டா” என்றான். “இனிமே யாரும் மாத்த முடியாது.”

பிறகு பாத்ரிச்சைப் பார்த்தான். என்னை நடுவில் வைக்காமல் நேராக.

“குமே, நீங்க யூனியான்னு வெச்சுடுவீங்கன்னு பயந்துகிட்டு இருந்தேன்.”

“வைக்கத்தான் இருந்தேன்” என்றார் பாத்ரிச்.

“அந்தக் குண்டு என்னோடதுதான். தெரியாமப் பட்டுடுச்சு. மன்னிச்சிடுங்க.”

“ஆலங்கட்டின்னு சொன்ன?”

“வெட்கமா இருந்துச்சு, சொன்னேன்.”

பாத்ரிச் மீசையைத் தடவினார், மூக்கை உறிஞ்சினார். “கழுதை” என்றார். ரதோயேயின் பிடரியைப் பிடித்து இழுத்து மூன்று தடவை கன்னத்தில் முத்தம் கொடுத்தார். முதல் முத்தத்துக்கே சுவரோரம் விசில் கிளம்பிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பாட்டில் கை மாறத் தொடங்கியது. நான் நாற்காலியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். தலைவர் அழக் கூடாது என்று சட்டத்தில் எழுதியிருந்தால் என்னைத் தண்டித்துக்கொள்ளட்டும்.

“யம்மா, நாங்களும் ஓட்டுப் போடணும்!” என்று வரிசையில் கடைசியில் நின்றவன் கத்தினான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கோசரா அக்காவின் விரலை நானே பிடித்துக் காட்டினேன். பாத்ரிச் இந்தத் தடவை சரியாக அடித்தார். சீட்டைக் கொடுத்தேன். மறைப்புக்குப் பின்னால் போனாள். ரொம்ப நேரம் ஆயிற்று. அவள் யாருக்குப் போட்டாளோ, எத்தனை வட்டம் போட்டாளோ, அது அவளுக்கும் பெட்டிக்கும்தான் தெரியும். வெளியே வந்தபோது கண் வீங்கியிருந்தது, உதட்டில் சிரிப்பு நிற்கவில்லை.

பாத்ரிச் அதற்குள் பாப்பாவை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தார் போலிருக்கிறது. குனிந்து, பிள்ளையின் காதருகே, புது வார்த்தை பழகுகிறவர் போல மெதுவாகச் சொன்னார்.

“கோசரா.”

பாப்பா மும்முரமாகக் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். மடித்த சீட்டைப் பெட்டியில் போடப்போன அக்காதான் திரும்பிப் பார்த்தாள்.

“என்னங்க?”

“உன்னைக் கூப்பிடல” என்றார் பாத்ரிச். காது இரண்டும் சிவந்துபோயிருந்தது. கொஞ்ச நேரம் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “உன்னையும்தான்” என்றார்.